ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் திடீரென வேகமாக ஓடுகிறது: நானே பிரித்து சர்வீஸ் செய்யலாமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், தினமும் சாவி கொடுக்க வேண்டிய 1861 மெஷின். இதுவரை நாளுக்குச் சில விநாடிகள்தான் முந்தும். போன வாரத்திலிருந்து நாலு நிமிடம் முந்துகிறது. கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை. உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும் என்று நினைத்து, பின்மூடி திறக்கும் கருவி, சின்ன ஸ்குரூடிரைவர்கள், மோபியஸ் 9010 எண்ணெய் எல்லாம் வாங்கிவிட்டேன். எதில் தொடங்குவது?

பதில் 1

முதலில் அந்த எண்ணெயை ஓரமாக எடுத்து வையுங்கள் சார். எண்ணெய் காய்ந்தால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் வீச்சு மெல்ல மெல்லக் குறையும், ஓட்டம் தாறுமாறாகும். ஒரே வாரத்தில் நிமிடக்கணக்கில் முந்துகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் காந்தம்தான். பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும், பேலன்ஸ் வேகமாக ஆடும்.

ஊசி வைத்த திசைகாட்டி கிடைத்தால் பக்கத்தில் வைத்து வாட்சை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ஊசி முனையை இழுத்து, இன்னொரு பக்கம் அதே முனையைத் தள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. எல்லாப் பக்கமும் இழுக்க மட்டும் செய்தால் அது வெறும் இரும்பின் வேலை.

சரிசெய்ய, காந்தத்தை எடுக்கும் டீமேக்னடைசர் கருவி போதும், மூடியைத் திறக்கவே வேண்டாம். பட்டனை அழுத்திப் பிடித்தபடியே வாட்சை மெதுவாக மேலே தூக்கி, கை நீளத்துக்கு விலக்கிய பிறகே விரலை எடுக்க வேண்டும். வாட்ச் கருவியின் மேல் இருக்கும்போதே விரலை எடுத்தால் மறுபடி காந்தம் ஏறலாம்.

பதில் 2

காந்தம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதை எடுத்த பிறகும் முந்தினால், அதிர்ச்சியில் ஹேர்ஸ்பிரிங் சுற்று எங்காவது மாட்டியிருக்கும். அது கைதேர்ந்தவர் வேலை.

இன்னொன்று, 9010 மட்டும் வைத்துக்கொண்டு சர்வீஸ் நடக்காது. அது பேலன்ஸ் போல வேகமாகச் சுழலும் முனைகளுக்கு. மெதுவாக, பாரத்தோடு சுற்றும் பாகங்களுக்கு ஹெச்பி 1300 மாதிரி கெட்டியான எண்ணெய், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் ஃபோர்க்கின் கற்களுக்கு 9415 கிரீஸ். அந்த ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே கிடையாது, ஆர்வத்தில் பலர் அங்கேயும் ஒரு சொட்டு விடுவார்கள்! சாவி கொடுத்தால் இறுகும் மெயின்ஸ்பிரிங்கின் விசையை இறக்காமல் ஃபோர்க்கைக் கழற்றினால் சக்கரங்கள் ஒரே வீச்சில் சுழன்று பற்கள் உடையும். அதற்கு மேல் உங்களுடையது ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள குரோனோகிராஃப் வேறு, லீவர்களும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் அடுக்கடுக்காக இருக்கும்.

கேட்டவர்

நன்றி. டீமேக்னடைசரில் காட்டினேன், மறுநாளே பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டது. இரவில் வாட்சை ஸ்பீக்கர் மேல் கழற்றி வைப்பேன், அதுதான் காரணம் போலிருக்கிறது. ஆனாலும் வாங்கிய கருவிகள் கண்ணை உறுத்துகின்றன. பின்மூடியை மட்டும் திறந்து பார்க்கட்டுமா?

பதில் 2

வேண்டாம். திறந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டைப் பார்த்து மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்தால்தான் மறுபடி தண்ணீரை நம்பலாம். கை பழக யூனிடாஸ் 6497 மெஷின் ஒன்று வாங்குங்கள். 36.6 மில்லிமீட்டர் அகலம், பாகங்கள் பெரியவை, குரோனோகிராஃப் தொல்லை இல்லை. அதைப் பிரித்துக் கழுவிப் பூட்டி ஓடவிடுங்கள், அப்புறம் ஸ்பீட்மாஸ்டரைப் பற்றிப் பேசுவோம்.