மசெராட்டியை விற்றுவிடலாமா?

முத்தியால்பேட்டையான்

ஃபியட், பெஜோ, சிட்ரோயன், ஓப்பல், ஜீப் என்று 14 கார் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு 2021இல் உருவானது ஸ்டெல்லாண்டிஸ் குழுமம். அதன் ஆடம்பரப் பெயரான மசெராட்டி இப்போது பெரும் சுமையாகிவிட்டது. 2023இல் 26,600 கார்கள் அனுப்பியது, 2024இல் 11,300 மட்டுமே அனுப்பியது. அந்த ஓராண்டில் 26 கோடி யூரோ இழப்பு. லாபம் தராத பெயர்களை மூடிவிடுவோம் என்று அப்போதைய தலைவர் கார்லோஸ் தவாரெஸ் 2024 ஜூலையில் வெளிப்படையாகவே சொன்னார். மசெராட்டி விற்பனைக்கு இல்லை என்று குழுமம் பின்னர் அறிவித்தது. தவாரெஸும் அந்த டிசம்பரில் பதவி விலகினார். ஆனாலும் விற்றுவிடுவார்கள் என்ற பேச்சு அடங்கவில்லை.

விற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1914இல் இத்தாலியின் பொலோஞா நகரில் பிறந்த பெயர் அது. அந்த நகரின் நெப்டியூன் சிலை ஏந்தியிருக்கும் திரிசூலத்தைத்தான் இன்றும் முகப்பில் தாங்கி வருகிறது. இப்படியொரு பெயரைக் கைவிட்டால் திரும்ப உண்டாக்க முடியாது. உங்கள் ஓட்டு எதற்கு, விற்பதற்கா, வைத்துக்கொள்வதற்கா?

மஞ்சக்குப்பம் பட்டறை

தம்பி, கடலூரில் 22 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு மசெராட்டியைக்கூடத் தொட்டதில்லை. என்னிடம் வருபவை ஆறு, ஏழு இலட்ச ரூபாய்க் கார்கள். கடல் காற்றின் உப்பில் கதவின் அடிப்பகுதி அரித்துப்போனவை, தவணை முடியாதவை.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, வெள்ளத்தில் நின்ற கார்களை வரிசையாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவற்றில் ஒன்று ஒரு பள்ளி ஆசிரியையுடையது. வேறொரு பன்னாட்டு நிறுவனத்தின் சிறிய கார் அது. இந்தக் குழுமத்தினுடையது அல்ல, பெயரும் வேண்டாம். என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. விளக்கு, கதவுப் பூட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும்தான் கெட்டிருந்தது. அந்தப் பெட்டி வந்து சேர 74 நாள் ஆயிற்று. அந்த அம்மா 74 நாளும் பஸ்ஸில் பள்ளிக்குப் போனார்.

சிறிய கார் வாங்கியவருக்கு ஓர் உதிரிப்பாகத்தை ஒழுங்காகக் கொடுக்க முடியாத தொழில் இது. கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போக வேண்டுமா? 26 கோடி யூரோவுக்கு எத்தனை உதிரிப்பாகக் கிடங்குகள் கட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். விற்றுவிடட்டும்.

முத்தியால்பேட்டையான்

ஐயா, அந்த ஆசிரியையின் கோபம் நியாயமானது. ஆனால் ஆடம்பரக் காருக்குச் செலவிடும் அறிவு சிறிய காருக்கும் வந்து சேரும். என் தாத்தா பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கியவர். பிரான்சில் எடுத்த ஒரு புகைப்படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. யாருடையதோ ஒரு சிட்ரோயன் எஸ்எம் காரின் அருகில் தாத்தா நிற்கிறார். அந்தக் கார் பிறந்த கதை பலருக்குத் தெரியாது. 1968இல் சிட்ரோயன் நிறுவனம்தான் மசெராட்டியை வாங்கியது. சாலைக் குலுக்கலை எண்ணெயாலும் வாயுவாலும் தாங்கும் சிட்ரோயனின் சஸ்பென்ஷன், மசெராட்டியின் ஆறு சிலிண்டர் என்ஜின், இரண்டும் சேர்ந்து 1970இல் எஸ்எம் வந்தது. வண்டி திரும்பும்போது முகப்பு விளக்கும் கூடவே திரும்பும். மக்கள் கார் செய்பவனும் பந்தயக் கார் செய்பவனும் ஒரே பட்டறையில் உட்கார்ந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

நெல்லிக்குப்பம் கணக்கர்

தம்பி, கதையை நடுவில் நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் குடிக்கும் காரை யாரும் வாங்கவில்லை. 1974இல் சிட்ரோயன் பெஜோவின் பிடிக்குள் போனது. 1975 மே மாதம் மசெராட்டியைக் கலைக்கும் நடவடிக்கை தொடங்கியது, எஸ்எம் உற்பத்தியும் அந்த ஆண்டோடு முடிந்தது. ஏழே ஆண்டுகள்! மக்கள் கார் செய்த நிறுவனம் தன் சொந்த வீட்டையே இழந்தது. உங்கள் கூடத்துப் புகைப்படம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது.

முத்தியால்பேட்டையான்

அக்கா, சிட்ரோயனை மூழ்கடித்தது மசெராட்டி மட்டும் அல்ல. பிஸ்டன் இல்லாமல் சுழலும் வாங்கெல் என்ஜினில் கொட்டிய பணம், ஜிஎஸ், சிஎக்ஸ் என்று அடுத்தடுத்துப் புதிய கார்களை உருவாக்கிய செலவு, எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நெரித்தன.

புதிதாக ஓர் ஆடம்பரப் பெயரை உண்டாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கும் இதே குழுமத்தில் சான்று இருக்கிறது. சிட்ரோயனிலிருந்து டிஎஸ் என்ற பெயரை 2014இல் தனியாகப் பிரித்தார்கள். 1955இல் வந்த மகத்தான டிஎஸ் காரின் பெயர் அது. பத்தாண்டு கடந்தும் பென்ஸ், பிஎம்டபிள்யூ பக்கத்தில்கூட அதனால் வர முடியவில்லை. கையில் இருக்கும் மசெராட்டியை விற்றுவிட்டு, நாளை எதை வைத்துத் தொடங்குவார்கள்?

வில்லியனூர்

வரி குறைவு என்பதற்காக நம் புதுச்சேரிப் பதிவெண் வாங்கிக்கொண்டு வெளி மாநிலத்தில் ஓடிய ஆடம்பரக் கார்களைப் பற்றி 2017இல் பெரிய சர்ச்சை எழுந்தது, நினைவிருக்கிறதா? அந்த வண்டிகளில் பல இந்த ஊர் மண்ணை மிதித்ததே இல்லை. அவற்றை வாங்குபவர்களின் கௌரவத்துக்காகச் சிறிய கார் வாங்கும் நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்? என் ஓட்டு விற்பதற்கே.

மஞ்சக்குப்பம் பட்டறை

ஃபோர்டைப் பாருங்கள். 1989இல் 250 கோடி டாலருக்கு ஜாகுவார், 2000இல் ஏறத்தாழ 270 கோடிக்கு லேண்ட் ரோவர். இரண்டையும் சேர்த்து 2008இல் 230 கோடிக்கு டாட்டாவிடம் கொடுத்தது. நட்டம்தான். ஆனால் மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு திவாலாகவில்லை. சுமையை நேரத்தோடு இறக்கிவைத்தது.

முத்தியால்பேட்டையான்

ஃபோர்டைக் காப்பாற்றியது முக்கியமாக 2006இல் தன் சின்னத்தைக்கூட அடகு வைத்து ஏற்பாடு செய்த 2,350 கோடி டாலர் கடன், ஐயா. சரி, சுமையை இறக்கிய ஃபோர்டு நம் மக்களின் சிறிய காருக்கு என்ன செய்தது? இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகரில் 2022இல் கடைசிக் கார் இறங்கியது. குஜராத்தில் இருந்த அதன் சாணந்த் தொழிற்சாலையை வாங்கியது யார்? அதே டாட்டா. ஜாகுவார் லேண்ட் ரோவரை வைத்துப் பல ஆண்டு பெரும் லாபம் பார்த்ததும் அதே டாட்டாதான். ஆடம்பரத்தை விட்டவன் இங்கிருந்து போனான், எடுத்தவன் இருக்கிறான்.

நெல்லிக்குப்பம் கணக்கர்

இது வலுவான வாதம், மறுக்கவில்லை. ஆனால் டாட்டா அந்தப் பொறியாளர்களை அவர்கள் போக்கில் வேலை செய்யவிட்டது, புதிய மாடல்களுக்குப் பணமும் போட்டது. மசெராட்டிக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். மசெராட்டியின் கிப்ளி காரின் உள்ளே, அதே உரிமையாளரின் கையில் இருந்த கிறைஸ்லரின் சாதாரண வண்டிகளில் இருக்கும் அதே திரையும் பொத்தான்களும் இருந்தன. இவ்வளவு விலை கொடுப்பவர் அதைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டாரா? இதோடு, மசெராட்டிக்கான 150 கோடி யூரோ முதலீட்டையும் நட்டமென்று கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். மசெராட்டியின் எம்சி20 காரின் மின்சார வடிவத்தை 2025இல் கைவிட்டார்கள். வைத்துக்கொள்வதும் இல்லை, விடுவதும் இல்லை. ஒரு கடையை இப்படி நடத்தினால் சரக்கும் கெடும், வாடிக்கையாளரும் போய்விடுவார். முழுப் பணமும் போட மனம் இல்லையென்றால், போடுகிறவனிடம் கொடுப்பதுதான் அந்தப் பெயருக்குச் செய்யும் மரியாதை. தம்பி, நீங்கள் அந்தப் பெயரை நேசிப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டையான்

நேசிப்பதால்தான் தயங்குகிறேன், அக்கா. வாங்குகிறவன் இத்தாலியின் மோதேனா நகரில் இருக்கும் மசெராட்டி தொழிற்சாலையை மூடிவிட்டுத் திரிசூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால்? பெஜோ நிறுவனம் 2017இல் 80 கோடி ரூபாய்க்கு அம்பாசடர் பெயரை வாங்கியது. அந்தப் பெயரில் நம் சாலைக்கு ஒரு கார்கூட வரவில்லை. பெயரை வாங்குகிறவன் காரையும் செய்வான் என்று எப்படி நம்புவது?

மஞ்சக்குப்பம் பட்டறை

அம்பாசடரைச் சொல்லி என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டீர்கள், தம்பி. நான் தொழில் பழகிய வண்டி அது. உதிரிப்பாகம் கேட்டால் அன்று மாலைக்குள் கிடைக்கும். சரி, மசெராட்டியை வைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் எந்த நிறுவனமும் அந்த ஆசிரியையின் 74 நாளுக்கு முதலில் பதில் சொல்லட்டும். அதுவரை விற்கட்டும் என்ற என் ஓட்டு மாறாது.