கிராஸ் கட்டிங் தெரிந்த டெய்லர் வேண்டும்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். குறிஞ்சிப்பாடி கைத்தறி லுங்கித் துணியில் பெண்களுக்கான என் முதல் தொகுப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 12 உடுப்புகள், எல்லாவற்றிலும் பாக்கெட் உண்டு (அதில் மட்டும் சமரசமே கிடையாது!).

துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியது என் தப்பு. முதல் துவைப்பிலேயே இரண்டு கவுன்கள் இடுப்பில் பிடிக்க ஆரம்பித்துவிட்டன. சரி, அது போகட்டும். இப்போதைய தலைவலி, கிராஸ் கட்டிங்கில், அதாவது துணியை மூலைவாட்டாக வெட்டித் தைக்கும் பாவாடை. துணி இழுபட்டு, கீழ் ஓரம் ஒரு பக்கம் தொங்குகிறது. ஒரு நாள் முழுக்கக் கொடியில் தொங்கவிட்டு, அப்புறம் ஓரம் மடித்தும் பார்த்தேன். ஓரம் பரவாயில்லை, பக்கத் தையலில் கட்டங்கள்தான் ஒன்றோடொன்று சேரவில்லை.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதில் கைதேர்ந்தவர் யாரையாவது தெரியுமா? குறைந்த உருப்படி என்பதால் பெரிய யூனிட்களில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். கூலியில் பேரம் பேச மாட்டேன்.