பைலோனிடல் சைனஸ்: திறந்து விடுவதா, தைத்து மூடுவதா?

கேள்வி:
என் தம்பிக்கு வாலெலும்புக்கு மேலே, புட்டப் பிளவில் வந்த சீழ்க்கட்டியைக் கீறி வடித்த பிறகும் சிறு துளை ஒன்றிலிருந்து கசிவு நிற்கவில்லை. இதைப் பைலோனிடல் சைனஸ் என்கிறார்கள். ஒரு மருத்துவர் வெட்டியெடுத்துப் புண்ணைத் திறந்தே விடலாம் என்கிறார். இன்னொருவர் வெட்டிய கையோடு தைத்துவிடலாம் என்கிறார். எதில் நோய் மீண்டும் வரும் வாய்ப்புக் குறைவு?

மறுமொழி 1:
தைப்பதா வேண்டாமா என்பதைவிட, தையல் எங்கே விழுகிறது என்பதே முக்கியம். பிளவின் ஆழத்தில், உராய்வும் ஈரமும் ஓயாத நடுக்கோட்டில், உதிர்ந்த மயிர் தோலைத் துளைத்து உள்ளே போவதால்தான் இந்நோய் வருகிறது. அதே கோட்டில் தைத்தால் நோய்க்குப் பழைய இடத்தையே திருப்பிக் கொடுத்தது போலாகும். இக்கருத்தை வைத்தே கிரேக்க மருத்துவர் கரிடாகிஸ் 1973இல் தையலைப் பக்கவாட்டுக்கு நகர்த்தும் தம் முறையை வெளியிட்டார். பாஸ்கம், லிம்பெர்க் ஆகியோர் பெயரால் வழங்கும் அறுவை முறைகளும் பிளவின் ஆழத்தைக் குறைப்பவையே. 2010இல் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மீளாய்வும், தைப்பதானால் நடுக்கோட்டை விட்டு விலகியே தைக்க வேண்டும் என்றது. திறந்து விடும் முறையில், நடுக்கோட்டுத் தையலைவிட நோய் திரும்புவது குறைவு. ஆனால் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

மறுமொழி 2:
நான் திறந்த புண்ணோடு இருந்தவன். வலியைவிட, அன்றாடம் கட்டு மாற்றுவதற்கு இன்னொருவர் கையை எதிர்பார்த்ததே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அடியிலிருந்து சதை வளர்ந்து நிரம்பும் முன்பே மேல்தோல் பாலம்போல் மூடிக்கொண்டால் உள்ளே பொந்து தங்கிவிடும் என்பதால், செவிலியர் ஒவ்வொரு முறையும் ஓரங்களை விலக்கிப் பார்ப்பார். சுற்றிலும் முளைத்த மயிரை மழித்துவிடுவார். வீட்டில் இதற்கு ஆளில்லை என்றால் நன்கு யோசியுங்கள்.

மறுமொழி 3:
சொல்லப்பட்ட இரண்டு வழிகளுமே ஒரு சிறு துளைக்கு அதிகமோ என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோய் பரவாதிருந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து குழிகளை மட்டும் சிறிதாக வெட்டியெடுக்கும் முறை, துளைக்குள் ஃபீனால் என்ற வேதிப்பொருளை இடுவது, லேசரால் சுட்டு மூடுவது, எண்டோஸ்கோபி என்னும் மெல்லிய கேமராக் குழாய் வழியே பார்த்துச் சுத்தம் செய்வது ஆகியவை உண்டு. பெரும்பாலோர் சில நாட்களில் வேலைக்குத் திரும்புகிறார்கள். நோய் திரும்பும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல்தான். திரும்பினாலும் பெரிய அறுவைக்கு வழி அடைபடுவதில்லை. ஓராண்டு முடிவுகளை மட்டும் காட்டி எந்த முறையைப் புகழ்ந்தாலும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் இந்நோய் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். கிளைத்துப் பல துளைகளாகிவிட்டால் கரிடாகிஸ் அல்லது பாஸ்கம் முறையையே நான் பரிந்துரைப்பேன். லிம்பெர்க் முறையும் பலன் தருவதே, ஆனால் தழும்பு பெரிது.