ஜிம்னி 5 டோருக்கு லிஃப்ட்: ஸ்பேசரா, ஸ்பிரிங் மட்டுமா, முழு செட்டா?

வேளச்சேரி_நாலுவீல்

வணக்கம். வண்டி மாருதி ஜிம்னி 5 டோர், மேனுவல். சஸ்பென்ஷனில் இதுவரை எதையும் மாற்றவில்லை, டயரும் கம்பெனியின் 195/80 ஆர்15தான். மேலே ரேக் இருக்கிறது. பின்னால் டிராயரும் ஒரு சின்ன ஃபிரிட்ஜும் வரப்போகின்றன, முன்னால் இரும்பு பம்பர் போடலாமா என்றும் யோசனை. வார நாட்களில் ஓஎம்ஆர் டிராஃபிக், விடுமுறையில் ஜவ்வாது மலை, கொல்லிமலை.

பாறைப் பாதையில் வண்டியின் நடுவயிறு தட்டுகிறது. அதனால் லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது, பற்றி யோசிக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் ஏரியா தண்ணீரும் ஒரு கவலை. பழைய ஸ்பிரிங்கோடு வைக்கும் 30 மிமீ ஸ்பேசர் துண்டு போதும் என்கிறார்கள் சிலர், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த 50 மிமீ முழு கிட் போடு என்கிறார்கள் சிலர். எதில் ஆரம்பிப்பது? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நாங்களே மாட்ட முடியுமா? ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் பக்கம் என்ன பார்க்க வேண்டும்?

ஆக்ஸில்_கணக்கு

சார், எத்தனை மிமீ என்பதை முடிவு செய்யும் முன், லிஃப்ட் எதைத் தூக்கும், எதைத் தூக்காது என்று பார்த்துவிடுங்கள். ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் சாலிட் ஆக்ஸில், அதாவது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே தண்டு. கம்பெனி சொல்லும் 210 மிமீ கிரவுண்ட் கிளியரன்ஸ் ஆக்ஸிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் கியர் பெட்டிக்கு (ஹவுசிங்) கீழே அளந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த 210 மாறாது, ஏனென்றால் ஆக்ஸில் டயரோடு போகிறது. மேலே போவது சேஸிஸும் பாடியும்தான். உங்களுக்குத் தட்டுவது நடுவயிறு என்பதால் லிஃப்ட் உதவும். 2590 மிமீ வீல்பேஸில் நடுவில் கிடைக்கும் 40 மிமீ நன்றாகவே தெரியும். டிஃபரன்ஷியல் கல்லில் இடிக்கிறது என்றால் அதற்கு மருந்து டயர்தான்.

டயர் கணக்கு இது. 195/80 ஆர்15 விட்டம் 693 மிமீ. 215/75 ஆர்15 போட்டால் 703.5, டிஃபரன்ஷியல் உயர்வது வெறும் 5 மிமீ. 235/75 ஆர்15 போட்டால் 733.5, 20 மிமீ உயரும். ஆனால் வண்டியின் வேகம் மீட்டர் காட்டுவதைவிட 6 சதவீதம் வரை கூடும். 134 என்எம் இன்ஜினுக்கு மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்மையும் பம்பர் ஓரத்தையும் உரசும். 215/75 லிஃப்ட் இல்லாமலே உட்காரும், உங்கள் ஓட்டத்துக்கு அதுவே சரி.

தண்ணீர் விஷயத்தில் லிஃப்டை நம்பாதீர்கள். ஏர் இன்டேக் 40 மிமீ மேலே போகும், அவ்வளவே. ஹப்பும் டிஃபரன்ஷியலும் பழைய ஆழத்திலேயே முங்கும். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, பிரீதர் என்னும் காற்றுக் குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இரண்டு ஆக்ஸில் பிரீதர் ஹோஸையும் இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டுங்கள். வேளச்சேரித் தண்ணீருக்கு லிஃப்டைவிட அது பலன் தரும், செலவும் சொற்பம். தண்ணீரில் போய்வந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த நிறம் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்_எடை

ஸ்பேசர் ஏன் வேண்டாம் என்கிறேன்: அது ஸ்பிரிங்கை உயர்த்தும், ஷாக்கின் நீளத்தைக் கூட்டாது. வண்டி நிற்கும் நிலையில் உங்கள் ஷாக் கீழே விரிய இன்னும் 90 மிமீ மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மிமீ ஸ்பேசர் போட்டதும் மிச்சம் 60. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாக் கடைசி வரை விரிந்து ‘டக்’ என்று நிற்கும். நாளாவட்டத்தில் மவுன்ட் ரப்பரும் ஷாக்கின் உள் வால்வும் போகும். மலைப்பாதையில் சக்கரம் தரையை விட்டுச் சீக்கிரம் எழும். உயரம் தெரியும், பிடிப்பு குறையும். இரும்பு பம்பர் எடையில் தாழ்ந்த முன்பக்கத்தைச் சமன் செய்ய 10, 15 மிமீ ஸ்பேசர் வைப்பது வேறு விஷயம்.

ஸ்பிரிங் மட்டும் மாற்றினாலும் இதே குறைதான், கூடவே இன்னொன்று. கம்பெனி ஷாக்கின் ரீபவுண்ட் டேம்பிங் (ஸ்பிரிங் திரும்ப எழும்புவதை அடக்கும் திறன்) அதன் மென்மையான ஸ்பிரிங்குக்காக அமைத்தது. கடினமான ஸ்பிரிங்கை அதால் அடக்க முடியாது, ஸ்பீடு பிரேக்கர் தாண்டியதும் வண்டி இரண்டு மூன்று தடவை குதிக்கும். ஆகவே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக, 40 மிமீ அளவில் வாங்குங்கள்.

முக்கியமானது ஸ்பிரிங்கின் எடைத் தரம். ஆர்டர் கொடுக்கும் முன் மாதவரம், மணலி பக்கம் லாரிகளுக்கான எடைமேடையில் வண்டியை ஏற்றுங்கள். முன் ஆக்ஸில் தனி, பின் ஆக்ஸில் தனி, மொத்தம் தனி என்று மூன்று சீட்டு வாங்குங்கள். டிராயர், ஃபிரிட்ஜ், பம்பர் என வரப்போகும் நிரந்தர எடையை அந்தந்த ஆக்ஸிலில் கூட்டி, அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள். எப்போதாவது ஏறும் பயணிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிக எடைக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் போட்டால் உயரம் 40க்குப் பதில் 60 கூட வரும், ஓஎம்ஆர் இணைப்புச் சாலைகளில் முதுகு நொந்துபோகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஜிம்னியின் மொத்த எடை வரம்பு 1545 கிலோ, காலி வண்டியே ஏறத்தாழ 1200. மிச்சம் 340 சொச்சம். நான்கு பேர் ஏறினாலே 260 போய்விடும். புது ஸ்பிரிங் அந்த வரம்பை உயர்த்தாது, பிரேக்கும் ஆக்ஸிலும் பழையவைதான். டிராயர், ஃபிரிட்ஜ், இரும்பு பம்பர், ரேக் நான்கும் சேர்ந்து வேண்டுமா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் பம்பரை விட்டுவிடுவேன்.

காஸ்டர்_டிகிரி

ப்ரோ, 40 போதுமா 50 வேணுமான்னா என் பதில் 40. காரணம் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சோட பின்சாய்வு. முன் ஆக்ஸிலைப் பிடிச்சிருக்கிற ரேடியஸ் ஆர்ம் பின்பக்கம் சேஸிஸ்ல மாட்டியிருக்கு. சேஸிஸ் மேல போனா ஆர்மோட பின்முனை மேல போகும், ஆக்ஸிலோட முன்பக்கம் கீழ சாயும், காஸ்டர் குறையும். எவ்வளவு குறையும்னு நீங்களே கணக்குப் போடலாம். ஆக்ஸில் சென்டர்ல இருந்து சேஸிஸ் போல்ட் வரைக்கும் டேப் வெச்சு அளங்க. லிஃப்ட் அளவை அந்த நீளத்தால வகுத்து 57ஆல பெருக்குங்க. 750 மிமீ வந்துதுன்னா 40 மிமீ லிஃப்டுக்கு 3 டிகிரி, 50க்கு கிட்டத்தட்ட 4.

காஸ்டர் போனா ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பாது. ஜிஎஸ்டி ரோட்ல 80க்கு மேல போறப்ப வண்டி அலையும், சின்ன பள்ளத்துல விழுந்ததும் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். நிறைய பேர் உடனே ஸ்டியரிங் டேம்பர் மாத்துவாங்க. அது உதறலை மறைக்கும், காரணம் அப்படியேதான் இருக்கும். ரேடியஸ் ஆர்முக்கு காஸ்டரைச் சரி பண்ற கரெக்ஷன் புஷ் (ஆர்ம் மாட்டுற இடத்துல இருக்கிற வளையம்) வாங்கி லிஃப்டோடவே போட்டுடுங்க. ஆக்ஸில் பக்கம் ஒரு ஆர்முக்கு 2 புஷ், மொத்தம் 4. பழசை வெளிய எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் வேணும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எந்த லேத் பட்டறையிலயும் பிரஸ் இருக்கும். புது புஷ்ல ஓட்டை சென்டர்ல இருக்காது, அதனால இறக்குறப்ப திசை முக்கியம். தப்பா வெச்சா காஸ்டர் கூடுறதுக்குப் பதில் இன்னும் குறையும். ஆர்ம்லயும் புஷ்லயும் பெயின்ட் மார்க் போட்டுக் குடுங்க.

ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற பான்ஹார்டு ராடு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் சாய்வு கூடுறதால ஆக்ஸில் பக்கவாட்டுல சில மிமீ நகரும். 40ல அதை அப்படியே விடலாம். 50 போனா அட்ஜஸ்ட் பண்ற மாதிரி ராடு வாங்கணும், கூடவே பிரேக் ஹோஸும் நீளமா தேவைப்படலாம். அந்த 10 மிமீக்கு இவ்வளவு வேலையும் செலவும் தேவையில்ல.

வேளச்சேரி_நாலுவீல்

ரொம்ப நன்றி. அப்படியானால் 40 மிமீ செட், காஸ்டர் புஷ், 215/75 டயர். பம்பர் யோசனையைத் தள்ளிவைக்கிறேன். மாட்டும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

ஸ்டாண்டு_மேல்

மாட்டுவது கடினமில்லை. ஜிம்னியில் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி என்பதால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவைப்படாது. ஆனால் இடம் சரியாக இருக்க வேண்டும். பேவர் பிளாக் தரையிலும் சாய்தளத்திலும் செய்யாதீர்கள். சமமான கான்கிரீட் தரை, 2 டன்னுக்குக் குறையாத ட்ராலி ஜாக்கி, சேஸிஸுக்கு 2 ஸ்டாண்டு, 12 முதல் 19 வரை சாக்கெட், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் போதும். கடற்காற்றில் போல்ட் இறுகியிருக்கும், முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள்.

முதலில் அளவு. நான்கு மூலையிலும் ஹப் சென்டரிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும்.

பின்பக்கம் சுலபம், அங்கே ஆரம்பியுங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், பின்பக்கம் தூக்கியதும் அதனால் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸில் எடையை ஜாக்கியில் வாங்கிக்கொண்டு, ஷாக்கின் கீழ் போல்ட், பான்ஹார்டு ராடின் ஆக்ஸில் முனை, பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் ஒயர் கிளிப் எல்லாவற்றையும் விடுவித்து ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து வெளியே வரும். ஹோஸில் ஆக்ஸில் தொங்கக் கூடாது.

ஸ்பிரிங் வெளியே இருக்கும் இந்த நேரத்தில் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே வந்து முட்டும் தடுப்பு) தொடும் வரை ஜாக்கியால் தூக்கி, ஷாக் மாட்டும் இரண்டு இடங்களுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். புது ஷாக்கை முழுக்க அமுக்கினால் வரும் நீளம் அதைவிட 10 மிமீயாவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப் தொடும் முன் ஷாக் உள்ளே இடித்து உடையும், பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும். அடுத்து புது ஷாக்கை மாட்டி முழுக்கத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், பிரீதர், முன்பக்கமானால் ஹப்புக்குப் போகும் வாக்குவம் ஹோஸ் ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் பிராக்கெட்டை இறக்க வேண்டும். வாக்குவம் ஹோஸ் கழன்றால் 4 வீல் டிரைவில் முன் ஹப் பிடிக்காது, மலையில் நடுவழியில்தான் அது தெரியவரும்.

ஸ்பிரிங்கில் முன், பின், இடது, வலது குறித்திருக்கும். மேல் ரப்பரைப் பழையதிலிருந்து எடுத்து வைத்து, கம்பியின் முனை சீட்டின் தடுப்பில் சரியாக முட்டுகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் ஸ்டெபிலைசர் லிங்கையும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது பான்ஹார்டு போல்ட் ஓட்டை நேராக வராது. சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினால் பாடி பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டை நேர்ப்படும். கை விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்க்காதீர்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட் எல்லாவற்றையும் முதலில் கையிறுக்கமாக விட்டு, வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகே இறுதியாக இறுக்குங்கள். கம்பெனி புஷ் அப்படியே இருக்கும் பின் ஆர்ம் போல்ட்களையும் தளர்த்தி இப்படித்தான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழியும், வண்டியும் விறைப்பாக இருக்கும். டார்க் அளவு சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி. நைலான் நட்டுகள் புதிது போடுங்கள்.

முடிந்ததும் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி நிற்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் நீளத்தைத் திருத்தி நேராக்குங்கள், ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டாதீர்கள். ஸ்டியரிங் கோணலாக இருக்கும்போது வண்டி திரும்புகிறது என்று இஎஸ்பி (சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு) நினைத்து நேர்ச்சாலையில் பிரேக் பிடிக்கும். பிறகு அலைன்மென்ட். சாலிட் ஆக்ஸிலில் டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும்தான் அங்கே திருத்த முடியும், ஆனாலும் காஸ்டர் அளவையும் பிரின்ட்டில் கேட்டு வாங்குங்கள். புஷ் சரியாக உட்கார்ந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துக் கீழிறக்குங்கள், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது.

ஆக்ஸில்_கணக்கு

சட்டப் பக்கம் ஒருவரும் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ உட்பிரிவு 4 அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பட்டறைக்காரர் சொல்லும் ‘ஒன்றும் ஆகாது சார்’ நாளை உங்களைக் காப்பாற்றாது. பார்ட்ஸ் வாங்கும் முன் உங்கள் ஆர்டிஓவில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள், விபத்து கிளெய்மில் சொல்லாமல் செய்த மாற்றம் சிக்கலாகும். வாரன்டி நிலவரத்தையும் சர்வீஸ் சென்டரில் எழுத்திலேயே கேளுங்கள். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக், புஷ் எதையும் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையில் போட்டுவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள்.

வேளச்சேரி_நாலுவீல்

மெயில் இன்றே அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: அலைன்மென்ட் மாட்டிய அன்றேவா, கொஞ்சம் ஓட்டிய பிறகா?

ஸ்டாண்டு_மேல்

இரண்டும். அன்றே ஒருமுறை, இல்லையென்றால் புது டயரின் ஓரம் தேயும். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மிமீ இறங்கும், 500 கிலோமீட்டர் ஆனதும் இன்னொரு முறை. 100 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் பார்த்துவிட்டு, ஹப் சென்டர் முதல் ஃபெண்டர் வரை திரும்ப அளந்து முதல் தாளில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். இடதும் வலதும் 10 மிமீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் சீட்டில் சரியாக உட்காரவில்லை அல்லது பக்கம் மாறியிருக்கிறது. அந்த நிலையில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கு ஏறாதீர்கள்.