கோண்டாவில் வீட்டுக் குழு

கோண்டாவில் மாமி: கலியாண அழைப்பிதழ் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. வியாழன் காலை 9 மணிக்கு முகூர்த்தம். விடுபட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சின்னக்கா: அக்காவுக்கும் அத்தானுக்கும் கொடுத்தீர்களா?

கோண்டாவில் மாமி: அவருக்கு டயலிசிஸ், மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். வர ஏலாதுதானே. ஏன் சிரமப்படுத்துவான் என்று விட்டோம்.

கொழும்புத் தம்பி: யாழ்தேவி ரயிலில் இடம் இல்லை. யாராவது வான் பிடித்து வருகிறீர்களா?

சின்னக்கா: வர ஏலாது என்று அவர்கள் சொன்னார்களா மாமி? செவ்வாயும் வெள்ளியும்தான் பெரியாஸ்பத்திரி. நாலு மணித்தியாலம் மெஷினில் இருந்துவிட்டு வந்தால் அன்று படுக்கைதான். வியாழன் நடமாடுவார். திங்கள் என்றால் நானே மறிப்பேன், வெள்ளிக்குப் பிறகு உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும். வருத்தம் அத்தானுக்கு, அடைபட்டுக் கிடப்பது இரண்டு பேரும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட அக்காவை யாரும் கூப்பிடவில்லை. சாமத்திய வீட்டுக்கும் சொல்லவில்லை. செத்த வீடு என்றால் மட்டும் உடனே போன் எடுக்கிறோம்.

கனடா சித்தப்பா: உண்மை.

கோண்டாவில் மாமி: சாமத்திய வீட்டுக் கதையை ஏன் பிள்ளை இழுக்கிறாய்? அப்போது மதில் பிரச்சினை.

கனடா சித்தப்பா: மதிலுக்குக் காசு அனுப்பினது நான்.

இணுவில் மச்சாள்: ஐயோ, மதில் வேண்டாம். அத்தானுக்குச் சாப்பாடு எப்படி?

சின்னக்கா: சோறு சாப்பிடலாம். உப்புக் குறைய வேண்டும். வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளி கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. மரக்கறியை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். குடிப்பதும் அளவோடு, பாயாசம் ரசம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வற்புறுத்திப் பரிமாறாதீர்கள். இடது கையில் ஊசி ஏற்றுகிறார்கள், பாசத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

இணுவில் மச்சாள்: நான் அவித்துக் கொண்டு வருகிறேன்.

கொழும்புத் தம்பி: வான்??

பெரியக்கா: எல்லாம் வாசித்தேன். இவருக்கு வர விருப்பம். தாலி கட்டும் வரையாவது இருப்பார் என்று நினைக்கிறேன். ஏலாமல் போனால் நான் மட்டும் வரலாமா? புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று கதைப்பார்களே.

இணுவில் மச்சாள்: கதைக்கட்டும். நீங்கள் வாருங்கள் மச்சாள்.

சின்னக்கா: என் வீட்டுக்காரர் அத்தானோடு வீட்டில் இருப்பார். இருவரும் கிரிக்கெட் பார்க்கட்டும்.

கோண்டாவில் மாமி: பின்னேரம் மாமாவும் நானும் அழைப்பிதழோடு வருகிறோம் பிள்ளை. பிந்திவிட்டது, மனதில் வைக்காதே.

பெரியக்கா: வாருங்கள் மாமி. நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், அதுவரை இவர் நித்திரை.

கனடா சித்தப்பா: காருக்கு நான் காசு அனுப்புகிறேன்.

சின்னக்கா: கார் இருக்கிறது சித்தப்பா. ஓடத்தான் ஆள் வேண்டும்.

கொழும்புத் தம்பி: என்னை யாராவது ஏற்றி வந்தால் நான் ஓடுகிறேன்.