‘பட்டன், பட்டன், பட்டன்’

பார்வையற்ற மாணவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் தேடித் தரும் ஒரு தன்னார்வக் குழுவுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். அதுவரை எல்லாமே போனிலும் ஒரு எக்ஸெல் ஷீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. தேர்வுக்கு முந்தின ராத்திரி வரை ஆள் கிடைக்காமல் தவித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்த வெப்சைட்டில் மாணவர் தேதி, பாடம், மொழி கொடுத்தால் போதும், பொருத்தமான தன்னார்வலர்களுக்கு மெசேஜ் போய்விடும். ஆபீஸ் வேலை முடிந்து வந்து, ஆறு வாரம் உட்கார்ந்து எழுதினேன்.

முதலில் பயன்படுத்திப் பார்த்தவர் ஒரு கல்லூரி மாணவி. லேப்டாப்பில் என்.வி.டி.ஏ. வைத்திருந்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. நானும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டேப் கீயைத் தட்டினார். “எடிட், பிளாங்க்” என்றது குரல். நிரப்ப வேண்டிய காலிப் பெட்டி என்று அர்த்தம். மறுபடி தட்டினார். அதே “எடிட், பிளாங்க்”. அப்புறம் “பட்டன்”, “பட்டன்”, “பட்டன்”.

“இதுல எது அண்ணா அனுப்புறது?” என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. யாருக்காகச் செய்தேனோ அவருக்கே கதவு மூடியிருந்தது. பெட்டிக்கு மேலே ‘பாடம்’ என்று எழுதியிருந்தேன், ஆனால் கோடில் அந்த எழுத்தையும் பெட்டியையும் லேபிளால் இணைக்கவில்லை. பட்டன்களில் வெறும் படம்தான், பெயர் இல்லை. தவறாக நிரப்பினால் ஓரம் சிவப்பாகும், அவ்வளவுதான். சிவப்பு அவருக்கு எப்படித் தெரியும்?

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். லேபிள், பட்டனின் பெயர் எல்லாம் சில வரிகள்தான். தவறு இருந்தால் என்ன தவறு என்று எழுத்தில் சொல்லி, கர்சரையும் அந்தப் பெட்டிக்கே கொண்டுபோகச் செய்தேன். நான் பெருமையாக வைத்திருந்த காலண்டர் மவுஸ் இல்லாமல் நகரவே இல்லை. “காலண்டர் வேண்டாம், தேதியை நானே டைப் பண்ணிக்கிறேன்” என்றார். எடுத்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தை ஆறு வாரத்துக்கு முன்னாலேயே செலவழித்திருக்க வேண்டும். கோட் எழுதி உதவ நினைக்கிறவர்கள், தயவுசெய்து முதல் நாளே பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அந்த என்.வி.டி.ஏ.வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006-ல் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய மாணவர் பைத்தானில் எழுதத் தொடங்கியது. அவருக்கும் பார்வை இல்லை. விண்டோஸில் இயங்கும் திரைபடிப்பான்கள் அப்போது பலருக்கு எட்டாத விலையில் இருந்தன. இதை இலவசமாகவே கொடுத்தார், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அது இல்லையென்றால் அந்த மாணவியும் நானும் அன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கவே முடியாது.

கடைசியாகக் குரலைத் தன் வழக்கமான வேகத்துக்கு ஏற்றினார். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவர் மளமளவென்று நிரப்பி என்டரைத் தட்டினார். அவருடைய அடுத்த தேர்வுக்கு அன்று சாயங்காலமே ஒருவர் ஒப்புக்கொண்டார். ஆண்ட்ராய்டு போனில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை வைத்து இன்னும் சோதிக்கவில்லை. அதற்காக இந்த சனிக்கிழமை அந்த மாணவி வரச் சொல்லியிருக்கிறார்.