டாட் இன் டொமைனுக்கு என்ன விலை சொல்வது?

2016-ல் வாங்கிய டாட் இன் (.in) டொமைன், அதாவது இணையதள முகவரி, ஒன்று கையில் இருக்கிறது. ஊர்ப் பெயரும் பூவின் பெயரும் சேர்ந்து ஆங்கிலத்தில் 12 எழுத்து, நடுவில் கோடோ எண்ணோ கிடையாது. வருஷா வருஷம் புதுப்பித்ததோடு சரி, தளம் எதுவும் போடவில்லை. போன வாரம் ஒருவர் மெயிலில் "விலை சொல்லுங்கள்" என்று ஒரே வரி எழுதியிருந்தார், பெயரைத் தவிர அவரைப் பற்றி வேறெதுவும் தெரியவில்லை.

இலவச மதிப்பீட்டுக் கருவிகள் இரண்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்று 9,000 ரூபாய் என்கிறது, இன்னொன்று 1,10,000, இதை வைத்து நான் என்ன செய்ய! டொமைன்கள் விற்ற விலைகளைப் பட்டியலிடும் நேம்பயோ தளத்தில் பழைய விற்பனைகளைத் தேடினால் வருவதெல்லாம் டாட் காம்தான். தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் பார்த்துவிட்டேன், எனக்கு முன் யாரும் இதை ஸ்பேமுக்குப் பயன்படுத்திய கறை எதுவும் இல்லை. இதே பெயரின் டாட் காம் வேறொருவரிடம் இருக்கிறது, அதிலும் வெறும் விளம்பரப் பக்கம்தான்.

டாட் இன் விற்றுப் பழகியவர்கள் சொல்லுங்கள், முதல் பதிலிலேயே எவ்வளவு கேட்பீர்கள்?